பம்புசெட்டு வாங்கப் போறீங்களா? பேரைக் கேட்காதீங்க, காரணத்தைக் கேளுங்க!

(வானொலி உரை)



சந்தைக்கு மாடு வாங்கப் போகிறோம் என்றால் தனியாகப் போவதில்லை. விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார், நுகத்தில் பூட்டியும் பார்ப்பார். அப்புறம்தான் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். ஆனால் ஆயில் எஞ்சினோ, மோட்டாரோ, நீர்மூழ்கிப் பம்போ வாங்கப் போனால் என்ன செய்கிறோம்? கடைக்குள்ளே நுழைந்ததும் ஒரு கம்பெனிப் பேரைச் சொல்கிறோம். "அதுல அஞ்சு எச்.பி. ஒண்ணு குடுங்க" என்கிறோம். பில்லைப் போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். மாட்டுக்குப் பார்த்த பல்லை எஞ்சினுக்குப் பார்க்கிறதில்லை.

குறுவைக்கு நாற்றங்கால் விடுகிற நேரத்திலும், சம்பா கதிர் வருகிற நேரத்திலும் கிராமங்களுக்குப் போனால் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான்: "சார், எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. ஆனால் பதில் இருக்கிற இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இருபது, முப்பது வருஷம் எஞ்சினோடு வாழ்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது, சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. நெல் பொதி கட்டி, பூத்து, பால் பிடிக்கிற பருவத்தில் தண்ணீர் நின்றுபோனால் பதர்தான் மிஞ்சும். அந்த வாரத்தில் பம்பு படுத்துவிட்டால், வாங்கும்போது மிச்சம் பிடித்த ஆயிரம், இரண்டாயிரம் எல்லாம் ஒன்றுமே இல்லை. கடன் வாங்கிப் பம்பு வாங்கியவருக்கு மகசூலும் போய், தவணையும் நின்றுபோகும்.

பேர் எப்படி வந்தது?

கம்பெனிப் பேரைச் சொல்லிக் கேட்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல பேர் சும்மா வருவதில்லை. கிர்லோஸ்கர் என்ற பேரைக் கேள்விப்படாத விவசாயி இருக்க மாட்டார். பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்த லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1900-களின் தொடக்கத்தில் இரும்புக் கலப்பை செய்தார். வாங்க ஆள் இல்லை. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பைகள் விற்பனையாகவே இரண்டு வருஷம் ஆயிற்று. உழுது பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. பிறகு 1910-இல் கிர்லோஸ்கர்வாடியில் தொழிற்சாலை. 1946-இல் புனேயில் ஆயில் எஞ்சினுக்கென்றே தனிக் கம்பெனி.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? முதலில் வேண்டாம் என்றவர்களும் விவசாயிகள்தான், பின்னால் பேரைச் சொல்லிக் கேட்டவர்களும் விவசாயிகள்தான். நடுவில் நடந்தது உழவு. வயலில் கண்டது பேராக மாறியது. ஆனால் பேர் வந்த பிறகு வயலில் பார்க்கிற பழக்கம் நின்றுபோகிறது. அப்பா வாங்கினார், மகனும் அதையே வாங்குகிறார். அப்பா வாங்கிய மாடல் இன்றைக்கு வருகிறதா, அப்பா இறைத்த தண்ணீரும் மகன் இறைக்கிற தண்ணீரும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

எஞ்சின் பித்தர்கள் கற்றுத்தரும் பாடம்

வயது முதிர்ந்த விவசாயிகள் சிலர் "லிஸ்டர்" எஞ்சினைப் பற்றிப் பேசினால் முகமே மலர்ந்துவிடும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் செய்த எஞ்சின் அது. 1929 வாக்கில் வந்த அந்த ரகம் நிமிஷத்துக்கு 600, 650 சுற்றுதான் சுற்றும். "டப்... டப்..." என்று நிதானமாக அடிக்கும். 300 கிலோவுக்கு மேல் எடை. மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு, ஆயுள் கெட்டி. இங்கிலாந்தில் அதைச் செய்வது 1987-இல் நின்றுபோனது. நம் நாட்டில் குஜராத்தின் ராஜ்கோட் பகுதியில் அதே அமைப்பில் எஞ்சின் செய்யும் பட்டறைகள் பல ஏற்பட்டன.

இந்த ராஜ்கோட் எஞ்சின்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விரும்பி வாங்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் விவசாயிகளாகக்கூட இருக்க மாட்டார்கள். பழைய எஞ்சின் என்றால் ஒரு பித்து, அவ்வளவுதான். புது ஆள் ஒருவர் அவர்களிடம் போய், "எஞ்சின் வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் அவர்கள் சொல்வது இதுதான்: "உடனே ஓட்டாதே. முதலில் கிராங்கு கேஸைத் திற. உள்ளே வார்ப்பு மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிக் கழுவு. பேரிங்கைப் பார். அப்புறம் புது ஆயில் ஊற்றி ஓட்டு."

நன்றாகக் கவனியுங்கள். "ராஜ்கோட் எஞ்சின் மோசம்" என்று அவர்கள் சொல்லவில்லை. "இங்கிலாந்து எஞ்சின்தான் எஞ்சின்" என்றும் சொல்லவில்லை. எங்கே குறை இருக்கும், எதைத் திறந்து பார்க்க வேண்டும், எப்படிச் சரி செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். மணல் இருக்கிறதா இல்லையா என்று நாமே கையை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அனுபவசாலியின் பேச்சில் தவிடும் இருக்கும், அரிசியும் இருக்கும். "அந்தக் கம்பெனியை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்பது தவிடு. "அந்த மாடல்ல நாலாவது வருஷம் கிளாண்டு பக்கம் ஷாப்டு தேயுது, ஸ்லீவு போட்ட ஷாப்டா பார்த்து வாங்கு" என்பது அரிசி. நாம் போய்ச் சோதித்துப் பார்க்கக் கூடிய பேச்சு எதுவோ அதுதான் நமக்கு வேண்டியது.

யாரிடம் கேட்பது?

ஊரில் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொருவரும் பார்க்கிற பக்கம் வேறு.

முதலாவது, வைத்து ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்தது அவருடைய ஒரு எஞ்சின், அவருடைய ஒரு கிணறு. அதில் அவருக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் தன் காசைப் போட்டு வாங்கின பொருளைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. "எப்படிங்க ஓடுது?" என்று கேட்டால் "அருமையா ஓடுது" என்றுதான் வரும். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "இதுவரைக்கும் என்னென்ன மாத்தியிருக்கீங்க? எந்த வருஷம் மாத்தினீங்க? எவ்வளவு செலவாச்சு?" என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

இரண்டாவது, மெக்கானிக், காயில் கட்டுகிறவர். இவர் நூறு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர். உள்ளே கம்பி தாமிரமா, தகடு எப்படி, பேரிங் என்ன என்பது அவர் கைக்குத் தெரியும். ஆனால் அவரிடம் வருவதெல்லாம் கெட்டுப்போனது மட்டும்தான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஊரில் 100 மோட்டார் இருக்கிறது. அதில் 80 ஒரு கம்பெனி, 20 இன்னொரு கம்பெனி. வருஷத்தில் முதல் கம்பெனி மோட்டார் 8 பழுதுக்கு வருகிறது, இரண்டாவது கம்பெனியில் 5 வருகிறது. மெக்கானிக் என்ன சொல்வார்? "முதல் கம்பெனிதான் சார் அடிக்கடி வருது" என்பார். ஆனால் 80-க்கு 8 என்றால் பத்தில் ஒன்று. 20-க்கு 5 என்றால் நாலில் ஒன்று. எது மோசம்? அதனால் மெக்கானிக்கிடம், "எது அதிகம் வருது?" என்று கேட்பதைவிட, "வந்ததிலே எது, ஏன் போச்சு?" என்று கேட்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

மூன்றாவது, கடைக்காரர். எந்த உதிரிப் பாகம் உடனே கிடைக்கும், எதற்கு வெளியூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் எந்தக் கம்பெனியில் லாபம் கூடுதலாக நிற்கிறதோ அதைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்வார். அது வியாபாரம். நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று பேரும் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் அது உண்மையான குறை. மூன்று பேரும் ஒரே பேரைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, காரணமும் ஒத்துப்போக வேண்டும்.

அவர் தண்ணீரும் உங்கள் தண்ணீரும் ஒன்றா?

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் வாய்க்காலிலிருந்தும் வடிகாலிலிருந்தும் வயலுக்கு ஏற்றுகிற தண்ணீர் பத்தடி, பன்னிரண்டடி உயரம்தான். ஆனால் நிறையத் தண்ணீர் வேண்டும். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்பில் ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் குறைவு, ஆழம் அதிகம். பரங்கிப்பேட்டைக் கடற்கரையோரம் போனால் உப்புத் தண்ணீர். ஆற்றுப் படுகையில் பில்டர் பாயிண்டு போட்ட இடத்தில் மணல் வரும்.

வாய்க்காலில் விநாடிக்கு 15 லிட்டர் வேண்டும், பைப்பு உராய்வையும் சேர்த்து 4 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 15-ஐ 4-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 0.8 குதிரைத்திறன். பம்பு பாதி வேலைதான் உருப்படியாகச் செய்யும் என்று வைத்தாலும் 1.6. கொஞ்சம் தாராளமாகப் பார்த்தாலும் 3 எச்.பி. போதும். ஆழ்துளைக் கிணற்றில் விநாடிக்கு 3 லிட்டர்தான், ஆனால் 60 மீட்டர் உயரம். பெருக்கி 75-ஆல் வகுத்தால் 2.4. பம்பின் திறனைப் பார்த்தால் 4.8. ஆக 5 எச்.பி. இல்லாமல் நடக்காது.

பண்ருட்டி மாமா "நான் அஞ்சு எச்.பி. வச்சிருக்கேன், அருமை" என்று சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதைக் கேட்டு சிதம்பரத்து மருமகன் வாய்க்காலுக்கு 5 எச்.பி. எஞ்சின் வாங்கினால் தேவைக்கு மேல் பணம் போகும், எண்ணெயும் போகும். 5 எச்.பி. டீசல் எஞ்சின் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். சுமை குறைந்தால் குடிப்பதும் குறையும்தான், ஆனால் அதே அளவுக்குக் குறையாது.

உப்புத் தண்ணீரில் வார்ப்பிரும்பு இம்பெல்லர் அரித்துப்போகும். அங்கே வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ பார்க்க வேண்டும். மணல் வருகிற இடத்தில் இம்பெல்லரும் அதைச் சுற்றிய வளையமும் சீக்கிரம் தேயும். மேட்டில் பம்பை வைத்து உறிஞ்சுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். எந்தக் கம்பெனிப் பம்பாக இருந்தாலும் நடைமுறையில் 6, 7 மீட்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்ச முடியாது. அது காற்றின் அழுத்தம் போட்ட எல்லை. கோடையில் நீர்மட்டம் அதற்கும் கீழே போனால் பம்பு தண்ணீர் எடுக்காது. "இந்தக் கம்பெனிப் பம்பு சரியில்லே" என்று திட்டுகிறோம். பம்பைக் கீழே இறக்கி வைத்தால் அதே பம்பு எடுக்கும்.

அதனால் அனுபவசாலியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்க தண்ணி எத்தனை அடியிலே இருக்கு, என்ன தண்ணி?" என்பதுதான்.

கெட்டது கம்பெனியாலா, காலத்தாலா?

2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாடு நமக்குத் தெரியும். அந்த மாதிரி வெள்ளத்தில் மோட்டார் மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு சுவிட்சைப் போடக் கூடாது. போட்டால் காயில் எரியும். எரிந்த பிறகு, "அந்தக் கம்பெனி மோட்டார் ஒரு வெள்ளத்துக்குத் தாங்கலே" என்று பேர் கெட்டுப்போகும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நனைந்த மோட்டாரைக் கழற்றி, சேறு கழுவி, நன்றாக உலர்த்தி, மெக்கர் வைத்துக் காப்புத் தன்மையைச் சோதித்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

இதேபோல மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், அல்லது வோல்ட்டேஜ் மிகவும் குறைந்தால், மோட்டார் சூடாகி எரியும். கெப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்கள் காயிலைத் தாங்களே வறுக்கிறார்கள். குறை கம்பெனி மேல் போகிறது. "எரிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொன்னால், "எப்போ எரிஞ்சது? கரெண்டு எப்படி இருந்தது? ஸ்டார்ட்டர்லே பாதுகாப்பு இருந்ததா?" என்று கேளுங்கள்.

எதிர்ப் பக்கமும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊரெல்லாம் இருண்டது. அந்த மாதிரி நேரத்தில் கொட்டகையில் கிடக்கிற பழைய ஆயில் எஞ்சின் கைகொடுத்தால், அதன் மேல் ஒரு பக்தியே வந்துவிடும். நன்றி இருக்கலாம், நல்லதுதான். ஆனால் அந்த நன்றியை வைத்து இன்றைக்கு வருகிற புது மாடலை எடைபோடக் கூடாது.

முத்திரையைப் பார்க்கத் தெரிய வேண்டும்

பேரை நம்பி வாங்குகிறவரை ஏமாற்றுவது சுலபம். பேரை ஒட்டிவிட்டால் போதும். தூரத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். பாகிஸ்தானில் பெஷாவர் அருகே தர்ரா ஆதம் கேல் என்று ஓர் ஊர். அங்கே பரம்பரையாகத் துப்பாக்கி செய்கிறவர்கள், லீ-என்பீல்டு என்ற வெள்ளைக்காரர் காலத்து ரைபிளை அப்படியே கையால் செய்வார்கள். கிரீட முத்திரை, வருஷம், தொழிற்சாலைப் பேர் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர் அசல் என்றே நினைப்பார். ஆனால் பழைய ரைபிள்களைப் பல வருஷம் கையாண்ட ஆர்வலர்கள் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்துப் பிழை இருக்கும். ஆங்கில "என்" எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். அசலான தொழிற்சாலை அந்தத் தப்பைச் செய்யாது. எஃகின் தரம் தெரியாத குழாயில் தோட்டாவைப் போட்டுச் சுடுவது உயிரோடு விளையாடுவது. அதனால்தான் அவர்கள் முத்திரையை நம்பாமல் குழாயையும், தாழையும், எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

நமக்கும் இதேதான். நாசில், பிஸ்டன் ரிங்கு, பேரிங், புட்வால்வு எல்லாவற்றிலும் போலி உண்டு. அட்டைப் பெட்டியின் நிறம் ஒன்றாகவே இருக்கும், பேரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். பழைய டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் முழுதாகப் படியுங்கள். முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும். மோனோபிளாக் பம்புக்கு 9079, நீர்மூழ்கிப் பம்புக்கு 8034, புட்வால்வுக்கு 10805. முத்திரைக்குக் கீழே "சி.எம்./எல்." என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்த எண் இல்லாத முத்திரை வெறும் படம். இப்போது செல்போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். பம்புசெட்டுகளுக்கு மின்சிக்கன நட்சத்திர முத்திரையும் உண்டு. நட்சத்திரம் கூடினால் அதே வேலைக்கு மின்சாரம் குறைவு.

பெரியவர்கள் கையால் பார்ப்பது

இனி, எஞ்சினுக்குப் "பல் பார்க்கிற" முறை. விவரம் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டு போய்ச் செய்யுங்கள். பழைய எஞ்சின் வாங்குகிறவர்களுக்கு இது கட்டாயம்.

எஞ்சின் நிற்கும்போது ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். ஓர் இடத்தில் நன்றாக எதிர்த்து, பந்து மாதிரித் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளாமல் வழுவழுவென்று சுற்றினால் ரிங்கோ வால்வோ காற்றை விடுகிறது. ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். "லொட லொட" என்றால் பேரிங் போய்விட்டது.

ஓட விட்டுப் புகையைப் பாருங்கள். கறுப்புப் புகை என்றால் சுமை அதிகம், அல்லது நாசில், காற்று வடிகட்டி கோளாறு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது, ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கிறது. காலையில் குளிரில் கிளப்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் யோசியுங்கள். சூடான எஞ்சினை நிறுத்தி, மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பிறகு கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தண்ணீரை அளக்க வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றை டெலிவரி பைப்புக்கு அடியில் வையுங்கள். நிரம்புகிற நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 10 லிட்டர். பெயர்ப் பலகையில் இந்த உயரத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். இரண்டும் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். டிரம்முக்குக் கம்பெனிப் பேர் தெரியாது. அது பொய் சொல்லாது.

பேருக்கு விசுவாசம் எப்போது சரி?

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்போ ஒரே கம்பெனியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது முட்டாள்தனமா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஊரில் பத்துப் பேர் ஒரே மாடல் வைத்திருந்தால் மெக்கானிக்குக் கை பழகியிருக்கும். உதிரிப் பாகம் பக்கத்துக் கடையில் இருக்கும். அவசரத்துக்கு அண்ணன் வீட்டு நாசிலைக் கழற்றித் தம்பி வீட்டு எஞ்சினில் போட்டு ஒரு ராத்திரித் தண்ணீர் பாய்ச்சிவிடலாம். எவ்வளவு உசத்தியான எஞ்சினாக இருந்தாலும், ஒரு வாஷருக்கு நாலு நாள் சென்னைக்கும் கோவைக்கும் காத்திருக்க வேண்டும் என்றால் பூத்த பயிர் காத்திருக்காது. இந்த விசுவாசம் கணக்குப் பார்த்த விசுவாசம். இதை விட வேண்டாம்.

விட வேண்டியது எப்போது? உங்கள் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது. தண்ணீர் உப்பாக மாறியிருக்கும்போது. பழைய மாடல் நின்று அதே பேரில் வேறு மாடல் வரும்போது. உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகும்போது. அப்போதும் "எங்க வீட்டிலே இதுதான்" என்று நிற்கிறவர், செத்த மாட்டுக்குத் தீவனம் போடுகிறவர் மாதிரிதான்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐயா, உங்கள் அனுபவம் ஊரின் சொத்து. சின்னப் பையன்கள் வந்து கேட்டால் "இதை வாங்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்து அனுப்பாதீர்கள். எது எப்போது கெட்டது, ஏன் கெட்டது, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பேரைச் சொன்னால் அவன் ஒரு தடவை வாங்குவான். பார்க்கக் கற்றுக்கொடுத்தால் அவன் வாழ்நாள் முழுக்க ஏமாற மாட்டான்.

வாங்கும் முன் உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த ஆண்டுக்கு என்ன மானியம், எந்தெந்த ரகங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வார்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு போனால் மானியம் கிடைக்காமல் போகலாம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று பேரிடம் கேளுங்கள். பேரைவிடக் காரணத்தைக் கேளுங்கள். அவர் தண்ணீரையும் உங்கள் தண்ணீரையும் ஒப்பிடுங்கள். முத்திரைக்குக் கீழே இருக்கிற எண்ணைப் படியுங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள், டிரம்மை வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் எந்தக் கம்பெனியை வாங்கினாலும் அது உங்களுக்கு நல்ல கம்பெனிதான்.